வெள்ளிக்கிழமையே குழம்பு வைக்கலாம், சோறு வேண்டாம்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "சென்னையிலிருந்து நாத்தனார் குடும்பம் ஆறு பேர் வெள்ளி இரவு வந்து ஞாயிறு மாலை கிளம்புகிறார்கள். போன முறை மூன்று வேளையும் அடுப்படியிலேயே நின்றேன், அவர்களோடு உட்கார்ந்து பேசவே முடியவில்லை. இந்த முறை வெள்ளிக்கிழமையே எல்லாவற்றையும் சமைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாமா? ஒரம்பரைக்கு (விருந்தாளிகளுக்கு) பழையதைப் போடுவதா என்று மாமியார் கேட்கிறார். இல்லை, வாட்ஸ்அப்பில் வீட்டுச் சமையல் ஆர்டர் எடுப்பவரிடம் கொடுத்துவிடலாமா?"

முக்கால்வாசி சமைத்து வைக்கலாம். ஆட்டுக்கறிக் குழம்பும் புளிக்குழம்பும் மறுநாள் ருசி கூடும் என்பதை உங்கள் மாமியாரே ஒப்புக்கொள்வார். வெள்ளிக்கிழமை வைத்த கறிக்குழம்பு ஞாயிறு மதியம் வரை தாராளமாக வரும். ஆனால் வைக்கிற விதம் ஒன்று இருக்கிறது. பெரிய குண்டாவை மேடையிலேயே விட்டுவிட்டுப் படுத்து, காலையில் எடுத்து ஃப்ரிட்ஜில் வைப்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போயாக வேண்டும். குண்டா நிறைய இருக்கும் குழம்பு நடுவில் லேசில் ஆறாது. இரண்டு மூன்று அகலப் பாத்திரங்களில் பிரித்து, தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதில் வையுங்கள். எடுக்கும்போது அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துத் தளதளவென்று கொதிக்க விடுங்கள். தேங்காய் அரைத்து ஊற்றுவதை அன்றன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சோற்றுக்கு இந்தக் கணக்கு செல்லாது. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் படித்தவர்களே இதில் தப்பு செய்கிறார்கள். பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அரிசியிலேயே இருக்கும். கொதியில் அவை சாகாது. வெந்த சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சை விடும். வாந்தி எடுக்க வைக்கும் அந்த நஞ்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் அழியாது. ஆக "நல்லா சுட வச்சுத்தானே போட்டேன்" என்ற சமாதானம் இங்கே எடுபடாது. ஹாட்பாக்ஸில் காலையில் போட்டு மதியம் இரண்டு மணிக்குத் திறக்கிற சோறும் அதே ரகம்தான், ஏனென்றால் 60 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால் அந்தப் பெட்டி கிருமிக்குத் தொட்டில். புளிசாதம் என்றால் புளிக்காய்ச்சலை முன்கூட்டியே செய்து வையுங்கள், சோற்றை அப்போது வடித்துக் கிளறுங்கள். தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைத்த பழைய சோறு வேறு சங்கதி, அதை இதோடு குழப்ப வேண்டாம்.

சரி, அப்படியானால் வெள்ளி இரவுக்கு என்ன? அரிசியும் பருப்பும் சேர்த்து வைக்கிற அரிசும்பருப்புதான். வெங்காயமும் பூண்டும் தக்காளியும் நறுக்கித் தயாராக இருந்தால், குக்கரில் வைத்து இறக்க அரைமணி நேரம்கூட ஆகாது. காரில் வருகிறார்கள் என்றால் பவானி தாண்டியதும் போன் பண்ணச் சொல்லி, அதன் பிறகு அரிசியை ஊற வையுங்கள். மேலே நெய், பக்கத்தில் தயிர், அப்பளம். பயணக் களைப்பில் வருகிறவர்களுக்கு இதற்கு மேல் எதுவும் இறங்காது.

நேரத்தைத் தின்பது சமையல் அல்ல, சின்ன வெங்காயம் உரிப்பதுதான். வியாழக்கிழமையே டிவி முன்னால் உட்கார்ந்து இரண்டு கிலோ உரித்து, ஈரமில்லாமல் டப்பாவில் மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். பள்ளிபாளையம் சிக்கனுக்கு அதோடு வரமிளகாயைக் கிள்ளி விதை உதறி, தேங்காயைப் பல்லுப்பல்லாகக் கீறி வைத்தால் போதும், மசாலாப் பொடி தேவையில்லை. கோழியை மட்டும் அன்று காலை வாங்குங்கள். இட்லி மாவு வியாழன் இரவு ஆட்டி, வெள்ளி காலை பொங்கியதும் உள்ளே வைத்தால் ஞாயிறு வரை கவலையில்லை. ஞாயிறு காலை இடியாப்பம் மாதிரிப் பிழிகிற சந்தகை போடலாம். ஒருவர் பிடிக்க ஒருவர் அழுத்த வேண்டிய வேலை அது. நாத்தனார் வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் பிழியச் சொல்லுங்கள், பேச்சும் அங்கேயே நடக்கும்.

கரண்ட்டையும் யோசியுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கு நிறுத்தினால் மாலைவரை வராது. சனிக்கிழமையிலும் இது வரும். முதல் நாள் பேப்பரில் பொடி எழுத்தில் ஊர்ப்பெயர் போடுவதோடு அவர்கள் கடமை முடிந்தது, நம் குழம்பைப் பற்றி யாருக்கு அக்கறை? ஃப்ரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் நாலு மணி நேரம் குளிர் தாங்கும். ஃப்ரீசரில் நாலைந்து தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து, அன்று காலை கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

இனி அந்த வாட்ஸ்அப் ஆர்டர். அம்மணி, கவனமாகக் கேளுங்கள். "வீட்டுச் சமையல்" என்று ஸ்டேட்டஸ் வைக்கிற எல்லோரும் சமைப்பவர்கள் அல்லர். ஆர்டர் எடுத்து, எங்கோ ஒரு மண்டபச் சமையல்காரரிடம் தள்ளிவிட்டு, நடுவில் கமிஷன் எடுப்பவர்கள் அதில் நிறைய. மண்டபத்தில் விடியற்காலை வெந்த சோறும் கறியும் உங்கள் வீட்டுக்கு மதியம் வந்து சேரும். அது எத்தனை மணிக்கு இறக்கியது என்று கேட்டால் பதில் சொல்ல அந்த நடுவாளுக்கே தெரியாது. காசு கொடுத்து, நான் மேலே சொன்ன அத்தனை தப்பையும் வீட்டுக்கு வரவழைக்கிறீர்கள்.

விற்பனைக்குச் சமைப்பவர் வீட்டில் சமைத்தாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்திருக்க வேண்டும். 14 இலக்க எண் கேளுங்கள். அந்தப் பதிவுக்கான அரசு இணையதளமான ஃபாஸ்காஸில் (FoSCoS) அதை அடித்துப் பார்த்து, பெயரும் முகவரியும் உங்களோடு பேசுகிறவருடையதுதானா என்று பாருங்கள். எண் வாங்குவது சுலபம், வாங்கிய பிறகு அந்த அடுப்படியை யாராவது எட்டிப் பார்க்கிறார்களா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், கோபம்தான் வரும். வெளியில் வாங்கியே ஆக வேண்டுமென்றால் ஒப்புட்டு, கச்சாயம் மாதிரிப் பலகாரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதையும் அடுப்பை நீங்கள் நேரில் பார்த்த ஒருவரிடம் சொல்லுங்கள். முன்பணமாகப் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். மீதியை டப்பாவைத் திறந்து மோந்து பார்த்த பிறகு கொடுக்கலாம்.