ஈசிஜி நன்றாக இருக்கிறது, பிறகு எக்கோ எதற்கு?

கேள்வி: சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 64 வயது. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், பிறகு செம்பனைக் குலை அறுத்தவர். இனிப்புநீரும் இரத்த அழுத்தமும் உண்டு. சில மாதங்களாகக் கோயில் மேடு ஏறும்போது பாதியிலேயே நின்று மூச்சு வாங்குகிறார். அரசாங்க கிளினிக்கில் ஈசிஜி எடுத்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனாலும் எக்கோ என்னும் இருதய ஸ்கேன் எடுக்க ஈப்போ பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். "அதான் நல்லா இருக்குன்னுட்டாங்களே, அங்க எதுக்கு அலையணும்?" என்கிறார் அப்பா. போகத்தான் வேண்டுமா?

பதில்: கட்டாயம் அழைத்துப் போங்கள், சகோதரி. கடிதம் கொடுத்த டாக்டர் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

இருதயத்தில் மூன்று வேலைகள் ஒன்றாக நடக்கின்றன. துடிக்கச் சொல்லும் மின்சாரம் ஓடுகிறது. தசையும் வால்வுகளும் இரத்தத்தைத் தள்ளுகின்றன. அந்தத் தசைக்கே இரத்தம் கொடுக்கத் தனியாகக் குழாய்கள் இருக்கின்றன. ஒன்று நன்றாக இருந்தால் மற்ற இரண்டும் நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட முடியாது.

ஈசிஜி பார்ப்பது முக்கியமாக மின்சாரத்தை. வலது மேலறையின் உச்சியில் பிறக்கும் துடிப்பு, மேலறைகளைச் சுருக்கிவிட்டு, நடுவில் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தாமதித்து, பிறகு கீழறைகளுக்கு இறங்குகிறது. கீழறைகள் நிரம்புவதற்கு அந்தத் தாமதம் வேண்டும். இந்தப் பயணத்தைத்தான் தாளில் கோடாக எழுதுகிறார்கள். துடிப்பு ஒழுங்கு தவறினால் தெரியும். மாரடைப்பு நடந்துகொண்டிருந்தால் பெரும்பாலும் தெரியும். ஆனால் வால்வு கசிகிறதா, ஒரு துடிப்பில் எவ்வளவு இரத்தம் வெளியே போகிறது என்பதெல்லாம் அந்தக் கோட்டில் நேரடியாகத் தெரியாது. அதோடு, வழக்கமான ஈசிஜி சுமார் 10 நொடிகளின் பதிவுதான், அதுவும் அப்பா கட்டிலில் அசையாமல் படுத்திருந்தபோது எடுத்தது.

அவருக்கு மூச்சு வாங்குவது மேட்டில். இதை நீங்கள் சரியாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். உடம்பின் மற்ற உறுப்புகளுக்கு இருதயம் சுருங்கும்போது இரத்தம் பாய்கிறது. இருதயத்தின் இடது கீழறைத் தசைக்கோ, அது விரியும்போதுதான் பெரும்பகுதி இரத்தம் கிடைக்கிறது. சுருங்கும்போது தசையே தனக்குள் ஓடும் குழாய்களை நெருக்கிவிடுகிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால், ஒவ்வொரு துடிப்பிலும் விரியும் நேரம் ஏறக்குறைய அரை நொடி. மேடு ஏறும்போது துடிப்பு 140-ஐ நெருங்கினால் அந்த நேரம் பாதிக்கும் கீழே குறைந்துவிடும். தசைக்குக் கூடுதல் இரத்தம் தேவைப்படும் அதே வேளையில், அதை வாங்கிக்கொள்ளும் நேரம் சுருங்குகிறது. குழாய் நன்றாக இருந்தால் விரிந்து கொடுத்துச் சமாளித்துவிடும். உள்ளே கொழுப்புப் படிந்து குறுகியிருந்தால் முடியாது. படுத்திருக்கும்போது எடுத்த ஈசிஜி நன்றாக இருப்பதும், மேட்டில் மூச்சு முட்டுவதும் ஒரே ஆளிடம் இப்படித்தான் சேர்ந்து வருகின்றன.

"நெஞ்சு வலிக்கலையே" என்று அப்பா சொல்லலாம். பல வருட இனிப்புநீர் நரம்புகளைக் கெடுத்திருந்தால் நெஞ்சு வலி தெரியாமலே போகலாம். அப்படிப்பட்டவர்களுக்கு மூச்சு வாங்குவதே முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். அதனால்தான் நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

எக்கோ என்பது ஒலி அலையால் இருதயத்தைத் துடிக்கத் துடிக்கப் பார்ப்பது. ஊசி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது. வழக்கமான எக்கோவுக்குப் பட்டினி இருக்க வேண்டியதில்லை. இடப்பக்கம் சாய்ந்து படுக்கச் சொல்லி, நெஞ்சில் ஜெல் தடவிக் கருவியை வைத்துப் பார்ப்பார்கள். நான்கு வால்வுகளும் திறந்து மூடுவது, சுவரின் தடிப்பு, எந்தப் பகுதி சரியாக அசையவில்லை என்பது எல்லாம் திரையில் தெரியும்.

அறிக்கையில் 'ஈஎஃப்' என்று ஓர் எண் இருக்கும். இடது கீழறையில் நிரம்பும் இரத்தத்தில் ஒரு துடிப்பில் எத்தனை விழுக்காடு வெளியே போகிறது என்பதுதான் அது. 60 விழுக்காடு என்று பார்த்துவிட்டு, இருதயம் 40 விழுக்காடு போய்விட்டது என்று அழுதவர்கள் உண்டு. இடது கீழறையில் 120 மில்லிலிட்டர் நிரம்பி, ஒரு துடிப்பில் 70 வெளியேறினால் அது 58 விழுக்காடு, நல்ல இருதயம். முழுவதையும் காலி செய்யும் இருதயம் யாருக்கும் இல்லை. அதே சமயம், இந்த எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கலாம். நெடுநாள் இரத்த அழுத்தத்தால் சுவர் தடித்து, விரிய மறுத்தால் அப்படி வரும்.

குழாய் அடைப்பை எக்கோவும் நேரடியாகக் காட்டாது. ஆகவே ஓடவிட்டுப் பார்க்கும் சோதனையோ சிடி ஸ்கேனோ அடுத்துச் சொன்னால், அலைக்கழிக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

தேதி வரும்வரை வீட்டிலேயே சிலவற்றைப் பாருங்கள். கணுக்காலுக்குச் சற்று மேலே எலும்பின் மீது கட்டைவிரலால் சில விநாடிகள் அழுத்தி எடுங்கள். குழி விழுந்து நின்றால் உடம்பில் நீர் கோத்திருக்கலாம். இரவில் தலையணையை உயர்த்தி வைக்கிறாரா, தூக்கத்தில் மூச்சு முட்டி எழுகிறாரா, முன்பைவிடக் குறைந்த தூரத்திலேயே நிற்கிறாரா? இவற்றில் ஏதாவது இருந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் கிளினிக்குக்குத் திரும்பப் போங்கள். மருந்துகளை அவராக நிறுத்தவோ, நாட்டு மருந்துக்கு மாறவோ விடாதீர்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி என்று எது வந்தாலும் உடனே 999-க்கு அழையுங்கள். மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோக வேண்டாம்.