பெண் கிரிக்கெட் வீராங்கனைக்கு ‘ஆண்டு ஒப்பந்தம்’ என்றால் என்ன?

ஆடினாலும் காயத்தோடு வீட்டில் இருந்தாலும், ஆண்டுக்கு இவ்வளவு என்று கிரிக்கெட் வாரியம் உறுதியாகத் தரும் தொகைதான் ஆண்டு ஒப்பந்தம். களமிறங்கினால் மட்டும் கிடைப்பது ஆட்டக் கட்டணம். ஒன்று மாதச் சம்பளம் மாதிரி, மற்றது நாள் கூலி மாதிரி. முழங்கால் பிசகினால் கூலி நின்றுவிடும்.

இந்திய வீராங்கனை மிதாலி ராஜை எடுத்துக்கொள்ளுங்கள். 1999இல், பதினாறு வயதில், அயர்லாந்துக்கு எதிரான முதல் ஒருநாள் ஆட்டத்திலேயே ஆட்டமிழக்காமல் 114 ரன். 2002இல் இங்கிலாந்தின் டான்டனில் 214, பெண்கள் டெஸ்டில் அன்றைய உலக சாதனை. இப்படிப்பட்டவர் தலைமையில் 2005 உலகக் கோப்பை இறுதிவரை போன அணியில் ஒவ்வொருவருக்கும் கிடைத்தது ஆட்டத்துக்கு 1,000 ரூபாய் என்று அவரே சொல்லியிருக்கிறார். நினைக்கவே மனம் கசக்கிறது. அவரைத் தாங்கியது ரயில்வே வேலை.

காரணம் எளிது: பெண்கள் கிரிக்கெட்டை நடத்திய தனிச் சங்கத்திடம் பணமில்லை. 2006இல்தான் அது இந்திய கிரிக்கெட் வாரியமான பிசிசிஐயின் கீழ் வந்தது. ஒப்பந்தம் வர 2015 ஆனது.

2022 முதல் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே சம்பளம் என்று பலர் நினைக்கிறார்கள். சமமானது ஆட்டக் கட்டணம் மட்டுமே. 2022-23 ஒப்பந்தத்தில் ஆண்களின் உச்சத் தொகை 7 கோடி, பெண்களுக்கு 50 லட்சம்.