ஓவியர் வசரேலியின் அச்சுப்படம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: சதுரக் கட்டங்கள் நடுவில் பந்துபோல் உப்பித் தெரியும் பழைய படம் ஒன்று கிடைத்தது. கீழே வலப்பக்கம் பென்சிலில் ‘வசரேலி’ என்று கையெழுத்து, இடப்பக்கம் 83/250. இது ஸ்கிரீன் பிரிண்ட்தானா, ஆஃப்செட் போஸ்டரா?

பதில்: ஸ்கிரீன் பிரிண்ட் என்பது சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெஷ் (வலைத்துணி) வழியாக, ஸ்டென்சில் திறந்துவிட்ட இடத்தில் மட்டும் மையை அழுத்தி, ஒவ்வொரு வண்ணமாக அச்சிடுவது. ஆஃப்செட் என்பது புத்தகம், போஸ்டர் அடிக்கும் இயந்திர அச்சு. முதலில் படத்தைப் பிரேமிலிருந்து வெளியே எடுங்கள். கண்ணாடிக்குள் இருக்கும்வரை எந்தச் சோதனையும் அரைகுறைதான். 10 மடங்கு லென்ஸை ஒரு வண்ணத்தின் நடுவில் வையுங்கள். நீலம், மெஜந்தா, மஞ்சள், கருப்புப் புள்ளிகள் சின்னச் சின்னப் பூப்போலத் தெரிந்தால் ஆஃப்செட். இதுபோன்ற தட்டை வண்ண ஸ்கிரீன் பிரிண்டில் புள்ளியே இருக்காது, ஒரே மை முழுக்கப் படிந்திருக்கும். ஆனால் தனித்தனி வண்ண மை கலந்து ஆஃப்செட்டில் அடித்த போஸ்டரிலும் புள்ளி வராது. பலர் ஏமாறுவது இங்கேதான்.

அதனால் இரண்டாவது சோதனையையும் செய்யுங்கள். அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தாளோடு படுக்க வைத்து அடியுங்கள். ஸ்கிரீன் பிரிண்டில் மை காகிதத்தின் மேல் தடித்து உட்காரும். ஒரு வண்ணம் இன்னொன்றின் மேல் லேசாக ஏறிய இடத்தில் மெல்லிய வரம்பு தெரியும். ஆஃப்செட் மை காகிதத்தோடு ஒட்டிப் படுத்துவிடும், வரம்பு இருக்காது. மெஷ் இழைகளால் ஓரம் ரம்பப்பல்போல இருக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். கத்தியால் ஸ்டென்சில் வெட்டியிருந்தால் ஓரம் நேராகவே வரும். பல் இல்லை என்பதற்காக மட்டும் தள்ளிவிடாதீர்கள்.

கையெழுத்தையும் சாய்த்துப் பாருங்கள். பென்சில் கரி சாம்பல் நிறத்தில் பளபளக்கும், காகிதத்தில் லேசான பள்ளம் விழுந்திருக்கும். அச்சான கையெழுத்தில் இரண்டும் இருக்காது. ஆனால் பென்சிலில் போட்டதாலேயே அது அவர் போட்டதாகிவிடாது. வசரேலியின் பெயரில் போலிகள் நிறையவே உலவுகின்றன. தாளின் அளவு, ஓரத்தின் அகலம், மொத்தப் பிரதி எண்ணிக்கை மூன்றையும் அவருடைய படைப்புகளைப் பட்டியலிடும் நூலில் உள்ள விவரத்தோடு ஒப்பிட்ட பிறகே முடிவுக்கு வாருங்கள்.

83/250 என்றால் 250 பிரதிகளில் 83 என்று எண்ணிட்ட தாள். 83-ஆவதாக அச்சானது என்று பொருளில்லை. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தாள்களை உலர வைத்து, அடுக்கி, மறுபடி எடுப்பதில் வரிசை கலைந்துவிடும். ஆகவே சின்ன எண்ணுக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் அர்த்தமில்லை. எண்ணுக்குப் பதில் ‘இ.ஏ.’ என்றிருந்தால் அது ஓவியருக்கென ஒதுக்கிய பிரதி. ‘எச்.சி.’ என்றால் விற்பனைக்கு அல்லாதது.

கேள்வி: யார் இந்த வசரேலி? கட்டங்கள் எப்படி உப்புகின்றன?

பதில்: விக்டர் வசரேலி 1906-இல் ஹங்கேரியின் பேச் நகரில் பிறந்தவர். 1930-இல் பாரிஸ் போய் விளம்பர வடிவமைப்பில் வேலை பார்த்தார். அந்தக் கைப்பழக்கம் கடைசிவரை படங்களில் தெரியும். 1955-இல் பாரிஸில் தெனீஸ் ரெனே கலைக்கூடத்தில் நடந்த ‘இயக்கம்’ கண்காட்சியிலும், 1965-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கண்மாயக் கலை (வடிவங்களால் கண்ணை ஏமாற்றும் ‘ஆப் ஆர்ட்’) கண்காட்சியிலும் அவர் படங்கள் இருந்தன. 1997-இல் காலமானார்.

உப்பலின் சூட்சுமம் எளிது. கட்டங்கள் உப்பித் தெரியும் அவருடைய ‘வேகா’ வரிசைப் படம் ஒன்றில் நடுக்கட்டத்தை அளந்துவிட்டு, ஓரத்தை நோக்கி ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள். நடுவில் பெரிதாக இருப்பது உருண்டையின் விளிம்பை நெருங்க நெருங்கக் குறுகிச் சாயும். உருண்டையைச் சுற்றிய கட்டத்துணி அப்படித்தான் தெரியும் என்று கண்ணுக்குப் பழக்கம். மீதியை அதுவே கற்பனை செய்துகொள்கிறது. தூரிகைத் தடமில்லாத தட்டையான வண்ணம் இதற்கு அவசியம், ஸ்கிரீன் பிரிண்ட் தருவதும் அதையேதான். ஒரே படம் ஒருவரிடம் முடங்காமல் பலரிடம் போக வேண்டும் என்பது அவர் கொள்கை. அதனால் இந்த அச்சுகளை ‘நகல்’ என்று குறைத்துப் பேசுவது அவருக்கே பிடித்திருக்காது.

கேள்வி: கருப்புப் பகுதியில் திட்டுத் திட்டாகப் பளபளப்பு. துடைத்தால் போகுமா?

பதில்: போகாது, கூடும். மேட் (பளபளப்பில்லாத) மையின் மேற்பரப்பு நுணுக்கமாகச் சொரசொரப்பானது. உரசினால் அந்தச் சொரசொரப்பு அமுங்கி மினுங்கும். ஈரத்துணி, ஸ்பிரிட், ரப்பர் எதுவும் வேண்டாம். தூசிக்கு மென்மையான தூரிகை போதும். எதிரெதிர் மூலைகளில், வெள்ளை ஓரத்தை மட்டும் பிடித்துத் தூக்குங்கள். சுருட்டியும் வைக்காதீர்கள். தடித்த மை காகிதம் அளவுக்கு வளையாது, முடியிழைபோல் மெல்லிய வெடிப்பு விழும்.

கேள்வி: பிரேம் போடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: மை கண்ணாடியைத் தொடக்கூடாது. ஈரப்பதத்தில் ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது மை கண்ணாடியோடு வந்துவிடும். மவுண்ட் போர்டோ (படம் தெரிய நடுவில் சன்னல் வெட்டிய அட்டை) ஸ்பேசரோ (ஓர இடைவெளிப் பட்டை) வைத்து 3 முதல் 5 மி.மீ. இடைவெளி விடுங்கள். போர்டு அமிலமற்றதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் சில ஆண்டுகளில் சன்னலின் விளிம்பு பழுப்புக் கோடாகப் படத்தில் பதியும். செல்லோடேப்பும் சூட்டில் ஒட்டும் முறையும் கூடாது. மேல்விளிம்பில் இரண்டு ஜப்பானியக் காகிதக் கீல்கள், கோதுமை மாவுப் பசை, அவ்வளவுதான். பிரேமுக்குப் பொருந்தவில்லை என்று ஓரத்தை வெட்டினால் எண்ணும் கையெழுத்தும் போகும், மதிப்பும் போகும். நேர் வெயில் ஆகாது. 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு மங்கலான வெளிச்சம் பாதுகாப்பானது. ஃப்ளோரசன்ட் வண்ணங்கள்தான் முதலில் வெளுக்கும்.

கேள்வி: இதே பாணியில் நாங்களே ஆறு வண்ணத்தில் அச்சடித்தோம். கட்டங்களுக்கு நடுவே வெள்ளைக் கோடு விழுகிறது. ஏன்?

பதில்: காகிதம் ஈரத்தில் விரிகிறது, உலரும்போது சுருங்குகிறது. அதனால் பக்கத்து வண்ணங்கள் ஒட்டாமல் நடுவே வெள்ளை தெரிகிறது. அச்சடிக்கும் அறையிலேயே தாள்களை ஒரு நாள் பரப்பி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஸ்டென்சிலில் வெளிர் வண்ணத்தை 0.5 மி.மீ. அளவு அடர் வண்ணத்துக்கு அடியில் நுழையும்படி பெரிதாக்குங்கள். வெளிர் வண்ணம் முதலில், அடர் வண்ணம் பிறகு. மெஷ்ஷுக்கும் தாளுக்கும் 2, 3 மி.மீ. இடைவெளி போதும். அதிகமானால் ஸ்குவீஜி (மையை இழுக்கும் ரப்பர் பட்டை) அழுத்தத்தில் மெஷ் இழுபட்டு உருவமே நீளும். தாளை நிறுத்த நீளப்பக்கம் இரண்டு தடுப்பு, அகலப்பக்கம் ஒன்று வையுங்கள், ஆறு வண்ணத்துக்கும் அதே மூலைதான். நல்ல பிரதி 50 வேண்டுமென்றால் 60 தாளில் தொடங்குங்கள்.