12 வருட அனுபவத்துக்குப் பிறகும் டெஸ்ட் எழுத வேண்டுமா?

ஜாவா புரோகிராமிங்கில் 12 வருட அனுபவம். ஆறு மாத கான்ட்ராக்ட் வேலைக்கு, நேர்காணலுக்கு முன்பே 90 நிமிட ஆன்லைன் டெஸ்ட் லிங்க் வந்திருக்கிறது, எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எழுதுங்கள். ஆனால் முதலில் லிங்க் அனுப்பிய ஆள்சேர்ப்பு ஏஜென்சியைக் கூப்பிட்டு ஒரு நாளுக்கு எவ்வளவு தருவார்கள், எப்போது சேர வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடலாம்.

ரெஸ்யூமேயை மட்டும் வைத்து கம்பெனிகள் நம்பாததற்குக் காரணம் உண்டு. 2007-லேயே ஃபிஸ்பஸ் என்ற எளிய புரோகிராமிங் கணக்கு பற்றிப் பரவலாகப் பேசினார்கள்: 1 முதல் 100 வரை அச்சிட வேண்டும், 3-இன் மடங்கு வந்தால் ஃபிஸ், 5-இன் மடங்குக்கு பஸ், இரண்டுக்கும் பொதுவானால் ஃபிஸ்பஸ். வேலை கேட்டு வருபவர்களில் பலர் இதற்கே திணறுகிறார்கள் என்பதுதான் அன்றைய புலம்பல்.

அனுபவசாலிகள் சறுக்கும் இடம் வேறு. ஹேக்கர்ரேங்க் மாதிரியான ஆன்லைன் கோடிங் டெஸ்ட் தளத்தில், உங்கள் கோட் மாதிரி உள்ளீடுகளுக்கெல்லாம் சரி என்று பச்சை காட்டும். ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைத்த டெஸ்ட் கேஸில் (சோதனை உள்ளீட்டில்) ஒரு காலி அரே, அதாவது ஒன்றுமே இல்லாத பட்டியல், வரும், அதோடு மதிப்பெண் போச்சு. கோட் எழுதப் பழகிய மென்பொருளான ஐடிஇ-யும் பக்கத்தில் இருக்காது. அதனால் முந்தின நாள் இரண்டு மூன்று கணக்குகளை அந்தத் தளத்திலேயே போட்டுப் பாருங்கள்.

அப்புறம், வீட்டில் இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு முழு அப்ளிகேஷன் செய்து அனுப்பச் சொன்னால் அதற்குப் பணம் கேளுங்கள். கான்ட்ராக்டருக்கு அது இரண்டு நாள் வருமானம்.