ஹீத் வெளியில் மோரிஸ் ஆட்டம்

கேள்வி: இங்கிலாந்தின் டார்செட்டில் வசிக்கிறோம். ஊர் ஹீத் புதர்வெளி மீட்கப்பட்டதைக் கொண்டாட, காலில் சலங்கை கட்டித் துள்ளி ஆடும் ஆங்கில நாட்டுப்புற ஆட்டமான மோரிஸ் நடனத்தை அங்கேயே நடத்தலாமா?

பதில்: தாராளமாக, ஆனால் செப்டம்பர் பாதிக்குப் பிறகு. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பக்கிக் குருவி, டார்ட்ஃபோர்டு கதிர்க்குருவி போன்றவை தரையிலும் தாழ்ந்த புதரிலும் கூடு கட்டும். கூட்டம் மிதித்தால் முட்டை போச்சு. வெறும் மணல் திட்டில் முளை அடிக்காதீர்கள், மணல் பல்லி முட்டை புதைக்கும் இடம் அது. வண்டி நிறுத்தும் கெட்டித் தரையே நல்லது. மண் இளகலென்றால் கால் புதைந்து துள்ளல் கெடும். 8-க்கு 4 அடி, 18 மி.மீ. பிளைவுட் பலகை எட்டு விரித்தால் ஆறு பேர் ஆடலாம். காற்று போகும் பக்கம் பார்வையாளரை உட்காரவையுங்கள், ஒலிபெருக்கியின்றியே சலங்கை கேட்கும். தீப்பந்தம் கூடவே கூடாது. கோர்ஸ் என்ற முட்புதர் பச்சையாகவே பற்றிக்கொள்ளும். நிலம் எஸ்.எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு அறிவியல் முக்கியத்துவத்துக்காகப் பாதுகாக்கப்படும் இடங்கள்) பட்டியலில் இருந்தால் அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ‘நேச்சுரல் இங்கிலாந்து’ ஒப்புதல் தேவைப்படலாம். முடிவுக்கு 4 மாதம் வரை ஆகும், ஏப்ரலிலேயே நில உரிமையாளர் மூலம் எழுதிவிடுங்கள்.