கல்லீரல் கேள்வி-பதில்: பி53-உம் பூசணக் கடலையும்

தம்பியின் கல்லீரல் கட்டியில் பி53 மரபணு பழுது என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. என் பிள்ளைகளுக்கும் வருமா? (மன்னார்குடி)

பெரும்பாலும் வராது. பி53 என்பது செல் கண்டபடி பெருகாமல் தடுக்கும் மரபணு. கல்லீரல் புற்றுக் கட்டிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் இந்தப் பழுது இருக்கும். அநேகமாக எல்லாமே அந்தக் கட்டியின் செல்லிலேயே பின்னால் நேர்ந்தவை. குடும்பத்தில் பரவக்கூடியது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ். வீட்டில் எல்லோரும் முதலில் அந்த ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள்.

மழையில் நனைந்த மூட்டையில் கடலை பச்சையாகப் பூத்துவிட்டது. வறுத்தால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். மிச்சத்தைச் செக்குக்குப் போடலாமா? (பேராவூரணி)

கூடவே கூடாது. வறுத்தால் பூசணம் சாகும், அது விட்டுச்சென்ற அஃப்லடாக்சின் என்ற நஞ்சு முழுதாகப் போகாது. இந்த நஞ்சைக் கல்லீரலே இன்னும் கூர்மையாக்கிவிடுகிறது. பிறகு அது பி53-இன் 249ஆம் இடத்தில் ஓர் எழுத்தை மாற்றிவிடும். அந்த மரபணு உருவாக்கும் புரதத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் செரின் என்ற வேறொன்று வந்து உட்காரும். செல் பெருகாமல் பிடித்து நிறுத்த வேண்டிய புரதம் வேலைக்கு உதவாமல் போகும். 1991இல் சீனாவிலும் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் உள்ள நோயாளிகளின் கட்டிகளில் இதே தடயம் அகப்பட்டது. ஷாங்காயில் 18,000 ஆண்களைக் கவனித்தார்கள்: நஞ்சு மட்டும் என்றால் கல்லீரல் புற்று ஆபத்து 3 மடங்கு, ஹெபடைடிஸ் பி வைரஸ் மட்டும் என்றால் 7, இரண்டும் சேர்ந்தால் 60.

எங்கள் ஊர்ச் செக்கடியில் கறுத்துச் சுருங்கிய பருப்பைத் தனியாகக் குவித்து, "இது எண்ணெய்க்கு" என்றார்கள். என் வயிறு எரிந்தது. சுத்திகரிக்காத எண்ணெயில் நஞ்சு கொஞ்சம் இறங்கும், பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும். அந்தப் புண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலிலும் அது வரும். மாட்டுக்கும் வைக்காதீர்கள், குப்பைக்குழியில் போட்டு மூடுங்கள்.

மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டாலே புற்று வந்துவிடுமா? (திருவையாறு)

புற்றைத் தடுக்கும் மரபணு என்றால், பொதுவாக இரண்டும் கெட வேண்டும். 1971இல் அமெரிக்க மருத்துவர் நட்சன் சொன்ன கணக்கு அது. பி53 கொஞ்சம் முரண்டு பிடிக்கும்: கெட்ட பிரதி பல சமயம் நல்லதையும் வேலை செய்ய விடாமல் மறிக்கும்.

ஸ்கேனில் ஏதோ புள்ளி என்றார்கள். கீழாநெல்லி சாப்பிடலாமா? (நாகப்பட்டினம்)

எந்த அளவு, எந்த இடம், ஹெபடைடிஸ் பி உண்டா, ஒன்றும் எழுதவில்லை. ரிப்போர்ட்டை அனுப்பாமல் மூலிகை கேட்டால் நான் என்ன சொல்ல?

ஹெபடைடிஸ் பி இருக்கிறது, சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது) இல்லை. வயது 46, ஆண். ஸ்கேன் வேண்டுமா? (கும்பகோணம்)

வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இந்த வைரஸ் தன் மரபணுவை நம் மரபணுவுக்குள்ளேயே செருகிவிடுவதால், சிரோசிஸ் வராமலேயே புற்று வரலாம். மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். வைரஸோடு பூசண நஞ்சும் சேரக் கூடாது, அதனால் கடலை வாங்கும்போது கையில் உதிர்த்து, பூசணம் இருக்கிறதா என்று பாருங்கள்.