கட்டாடியாரிடம் போவது யார் குற்றம்?

கேள்வி: படித்தவர்கள்கூட மனநோய் என்றால் முதலில் கட்டாடியாரிடம்தான், அதாவது மந்திரித்து நூல் கட்டுகிற பூசாரியிடம்தான், ஓடுகிறார்கள். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைச் சனத்தின் இந்த அறியாமையைப் போக்க ஊருக்கு ஊர் விழிப்புணர்வுக் கருத்தரங்கு வைத்தால் என்ன? – ஒரு வாசகர், மண்டூர்.

பதில்: வைக்கலாம். பதாகை கட்டி, பிரதம விருந்தினருக்கு மாலை போட்டு, பணிஸும் சோடாவும் கொடுத்துப் படம் எடுத்தால் கருத்தரங்கு முடிந்தது. மறுநாள் காலையில் நோயாளியை எங்கே கூட்டிக்கொண்டு போவது?

கட்டாடியார் ஊருக்குள் இருக்கிறார். நடுச்சாமத்தில் பிள்ளை கத்திக்கொண்டு வெளியே ஓடினால் கதவைத் தட்டிக் கூப்பிடலாம். தேசிக்காய் வெட்டுவார், நூல் கட்டுவார், தாய் அழுது சொல்வதை முழுக்கக் கேட்பார். (சங்கிலி போடுகிறவர்களையும் அடிக்கிறவர்களையும் நான் சொல்லவில்லை. அவர்களைப் பொலிஸில் கொடுங்கள்.)

கிளினிக் என்றால் கதை வேறு. மண்டூரில் இருந்து மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்குப் போவதென்றால் விடியப்புறம் எழும்பி, பாதை என்கிற படகில் வாவியைக் கடந்து குருமண்வெளிக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்து கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்கு வழி விட்டது உண்மைதான். ஆனால் பாலம் வந்தால் பஸ் வந்துவிடுமா? நோயாளியைத் தனியே அனுப்பவும் முடியாது. கூடப் போகிறவருக்கு அன்றைய கூலி போச்சு. நம்பர் எடுத்துக் காத்திருந்தால் டாக்டர் பார்ப்பது சில நிமிடம். 2022 பொருளாதார நெருக்கடியில் அதற்குப் பிறகும், "மருந்து முடிந்துவிட்டது, வெளியில் வாங்குங்கள்" என்று ஒரு துண்டைக் கையில் கொடுத்தார்கள்.

பெரும்போக அறுவடை நேரத்தில் பாருங்கள், கிளினிக் கொப்பி பரணுக்குப் போய்விடும். மருந்து நின்று சில மாதங்களில் பலருக்கு வருத்தம் திரும்பும். உடனே, "இங்கிலிஷ் மருந்தும் சரிவரவில்லை" என்று சொல்லிவிட்டுக் கட்டாடியாரிடம் போவார்கள். இதில் அறியாமை எங்கே இருக்கிறது? எட்டாத மருந்தை விட்டு எட்டுகிற கையைப் பிடிக்கிறார்கள்.

இந்த நாட்டில் மனநலக் கொள்கை 2005இலேயே வந்துவிட்டது. கொழும்புப் பக்கத்து அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரியில் குவிந்து கிடந்த சிகிச்சையை மாவட்டங்களுக்கும் ஊர்களுக்கும் கொண்டுபோக வேண்டும் என்பதுதான் அதன் சாரம். சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் அதைப் பற்றி நிறையவே பேசினார்கள். ஆனால் 1873ஆம் ஆண்டு மனநோய்ச் சட்டத்தைக்கூட இன்னும் மாற்றி முடிக்காத நாடு இது. விடுங்கள்.

விசேட வைத்திய நிபுணரை ஒவ்வொரு ஊருக்கும் கேட்பது நடக்காத காரியம். கேட்கக்கூடியது ஒன்று இருக்கிறது. நிபுணர் பார்த்து, வருத்தம் கட்டுப்பட்டவருக்கு மாத மருந்து பக்கத்துப் பிரதேச வைத்தியசாலையிலேயே கிடைக்கட்டும். மாதாமாதம் போடும் ஊசியை, நிபுணர் எழுதிக் கொடுத்தபடி அங்குள்ள தாதியே போடலாம். அதையும் சீனி, பிரஷர் கிளினிக் நடக்கிற நாளிலேயே வையுங்கள். அப்போது யார் எதற்கு வந்தார்கள் என்று பஸ்ஸில் எவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். தங்கச்சிக்குக் கலியாணம் பேசுகிற வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பிள்ளை பெற்ற வீட்டுக்கு மிட்வைஃப் எப்படியும் போகிறார். பிள்ளையின் நிறையைப் பார்க்கிற கையோடு, தாய் நித்திரை கொள்கிறாளா, தனியே இருந்து அழுகிறாளா என்றும் கேட்டுவிட்டு வரலாம்.

கட்டாடியாரைத் திட்டாதீர்கள். "நூலும் கட்டு, குளிசையையும் நிறுத்தாதே" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் உங்கள் பத்துக் கருத்தரங்குக்குச் சமம்.

அவசரமென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு எந்த நேரத்திலும் எடுக்கலாம். அப்புறம், உங்களுக்கும் ஒரு வேலை: பக்கத்து வைத்தியசாலை மருந்தகத்தில் ரிஸ்பெரிடோன் என்கிற மனநோய் மருந்து இருக்கிறதா என்று விசாரித்து எழுதுங்கள். இல்லை என்றால் அடுத்த இதழில் அதையே கேள்வியாகப் போடுகிறேன். பதில் சொல்லவேண்டியவர் நானாக இருக்கமாட்டேன்.